எந்த மேய்ப்பர் வயல்?

"போறேன்னு நான் எப்பச் சொன்னேன்? நீயா ஒண்ணை நெனச்சுக்கிட்டு..."

"சொல்லலை. ஆனா விடிஞ்சதுல இருந்து ரெண்டு தடவை சவரம் பண்ணியாச்சு. தாடையில தோலே பாக்கி..."

"நாளைக்குக் கிறிஸ்துமஸ். மனுஷன் சவரம் பண்ணிக்கக் கூடாதா?"

"நாளைக்குப் பண்ணிக்கலாமே. சரி, அந்த நீலச் சட்டை எதுக்கு?"

"கைக்கு வந்துது, போட்டுக்கிட்டேன்."

"அது அலமாரியில அடித்தட்டுல இருந்துது, அபு ரனீன். கைக்கு வரணும்னா கை அவ்வளவு ஆழத்துக்குப் போயிருக்கணும்."

அபு ரனீன், அதாவது ரனீனின் அப்பா, மித்ரிதான். ஊரில் பாதி வீட்டுக் குளிர்சாதனப் பெட்டிகளைப் பழுது பார்க்கிறவர். எந்த இயந்திரம் எதனால் சத்தம் போடுகிறது என்று தூரத்தில் நின்றே சொல்லிவிடுவார். மனைவி விதாத்திடம் மட்டும் அந்த வித்தை பலிப்பதில்லை.

விதாத் கைபேசியை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். முந்தின நாள் வந்த செய்தி. அதை அவள் ஏழு தடவையாவது வாசித்துக் காட்டியிருப்பாள்.

"அண்ணி, நாளைக்குக் காலை பத்தரைக்கு மேய்ப்பர் வயலுக்கு வருகிறோம். ஒரு மணி நேரம் இருப்போம். அண்ணனுக்கு மனசிருந்தால் வரட்டும். நஜ்லா."

நஜ்லா மித்ரியின் ஒரே தங்கை. இருபத்து மூன்று வருஷம் முன்னால் கல்யாணம் ஆகி சிலிக்குப் போனவள். நான்கு வருஷம் கழித்து அப்பா ஸலீபா இறந்தார். நஜ்லா வரவில்லை. அன்று மித்ரி தொலைபேசியில் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். "இந்த வீட்டு வாசல்படியில இனிமே உன் கால் படக் கூடாது." அதற்குப் பிறகு அண்ணனும் தங்கையும் பேசிக்கொள்ளவில்லை.

இப்போது அவள் வந்திருக்கிறாள். எப்படி வந்திருக்கிறாள் என்பதுதான் விதாத்துக்குத் தாங்கவில்லை. சிலி நாட்டு யாத்திரைக் கூட்டத்தோடு, மஞ்சள் தொப்பி போட்டுக்கொண்டு, பத்து நாளில் நற்செய்தித் தலங்கள் அத்தனையும் பார்க்கிற பேருந்தில். நாசரேத்து, கானா, கப்பர்நாகூம் எல்லாம் முடித்து நேற்று பெத்லகேம். இன்று எங்கள் பெய்த் சாஹூர். அப்புறம் எரிகோ, யோர்தான். நாளை மறுநாள் விமானம்.

"பொறந்த வீடு கூப்பிடு தூரத்துல இருக்கு. அவ ஓட்டல்ல தங்கியிருக்கா. ஓட்டல் வரவேற்பு மேஜைப் பையன் கேட்டானாம், 'முதல் தடவையா வர்றீங்களா மேடம்'னு."

"அவ என்ன சொன்னா?"

"ஆமான்னாளாம்."

மித்ரி சட்டைப் பொத்தானை ஒரு தடவை அவிழ்த்து மறுபடி போட்டார்.

"மாமா தவறினப்ப அவ பிள்ளை பெத்துப் பத்து நாள். பத்து நாள் குழந்தையை வெச்சுக்கிட்டு ஒரு பொம்பளை எப்படி விமானம் ஏறி வருவா? பத்தொம்பது வருஷமா இதையே கேக்கறேன். பதில் சொல்ல மாட்டேங்கறீங்க."

"பதில் இல்லை. அதனாலதான் சொல்லலை."

பதில் இல்லை என்று அவர் ஒத்துக்கொண்டது இவ்வளவு நாளில் இதுதான் முதல் தடவை.

"அப்ப போங்க," என்றாள் மெதுவாக. "இன்னிக்குப் பேருந்து கிளம்பிடுச்சுன்னா அவ திரும்ப இந்தப் பக்கம் தலை வெச்சுப் படுக்க மாட்டா. அந்த வார்த்தையை விட்டது உங்க வாய். எடுக்கவும் அந்த வாய்தான் வேணும். நான் போய் எடுக்க முடியாது."

மித்ரி கிளம்பினார். கிளம்பின வேகத்தில் அவர் கைபேசி மேஜையிலேயே கிடந்தது. காலில் வீட்டுச் செருப்பு.

*

மேய்ப்பர் வயல் வாசலில் பத்தே காலுக்கெல்லாம் நின்றுவிட்டார். ஜனவரி ஆறாம் தேதிக் குளிர்; எங்கள் ஆர்த்தடாக்ஸ் சபைக்குக் கிறிஸ்துமஸ் ஜனவரி ஏழு. ஆலிவ் மரங்களுக்கு நடுவே கோவிலின் சிவப்புக் கூரை. பூமிக்குள் பாதி இறங்கிய பழைய குகைக் கோவிலில்தான் அவருக்கும் நஜ்லாவுக்கும் ஞானஸ்நானம் நடந்தது.

பத்தரை ஆயிற்று. பதினொன்றுக்கு ஐந்து நிமிஷம் இருந்தது. பேருந்து எதுவும் வரவில்லை.

வாசல் காவலாளி ஜாதல்லா தேநீர்க் குவளையோடு வந்தார். "என்ன மித்ரி, கோவில்ல ஃபிரிட்ஜ் கூட இல்லையே. யாருக்கு நிக்கறே?"

"சிலியில இருந்து ஒரு பேருந்து வரணும்."

"சிலியா? அவங்க லத்தீன் சபை ஆச்சே."

"அதனால என்ன?"

"லத்தீன்காரங்க எதுக்குய்யா இங்க வர்றாங்க? அவங்க வயலுக்குப் போயிருப்பாங்க."

மித்ரி ரோட்டைத் திரும்பிப் பார்த்தார்.

தேவதூதர்கள் மேய்ப்பர்களுக்கு நற்செய்தி சொன்ன இடம் எங்கள் ஊரில் இரண்டு. ஒன்று ஆர்த்தடாக்ஸ் சபையாகிய எங்களுடையது. இன்னொன்று லத்தீன் சபை என்று நாங்கள் சொல்கிற ரோமன் கத்தோலிக்கர்களுடையது. இரண்டுக்கும் நடுவே கால்மணி நேர நடை. எது அசல் என்று ஊரில் யாரும் சண்டை போடுவதில்லை. சண்டை போட, இன்னொன்று இருப்பது ஞாபகம் வர வேண்டுமே. மேய்ப்பர் வயல் என்று சொன்னால் அவரவர் கால் அவரவர் வயலுக்குப் போகும். மித்ரியின் கால்களும் ஐம்பத்திரண்டு வருஷமாக அப்படித்தான்.

"போன் போட்டுக் கேளேன்."

மித்ரி பையைத் தடவினார். சாவி இருந்தது. ஒரு திருப்புளி இருந்தது.

"மேல் ரோட்டு வழியா ஓடு. கடைத்தெருவுல சாரணர் பேண்டு கிளம்பியிருக்கும், நடக்கவே விடமாட்டாங்க," என்று ஜாதல்லா பின்னாலிருந்து கத்தினார்.

*

அதே நேரம் லத்தீன் வயலில், குகைக்குள் முப்பத்தேழு மஞ்சள் தொப்பிகள் 'உன்னதத்தில் கடவுளுக்கு மாட்சி' பாடிக்கொண்டிருந்தன. நஜ்லா பாடவில்லை. அவள் கண் வாசலிலேயே இருந்தது.

அண்ணன் வரவில்லை. மனசில்லை போலிருக்கிறது. சரி, பத்தொன்பது வருஷம் தாங்கினதை இன்னும் கொஞ்சம் தாங்கலாம் என்று தொப்பியைச் சரி செய்துகொண்டாள். நேற்று பெத்லகேமில் பிறப்பிடக் கோவிலின் குட்டை வாசலில் தலை குனிந்து நுழைந்து, இயேசு பிறந்த இடத்தில் பதித்த வெள்ளி நட்சத்திரத்துக்கு முன்னால் முழங்காலிட்டபோது ஒன்றே ஒன்றுதான் கேட்டிருந்தாள். அவன் வரட்டும்.

ஆறுதலுக்காகத் தான் அனுப்பின செய்தியையே மறுபடி எடுத்து வாசித்தாள்.

மேய்ப்பர் வயலுக்கு வருகிறோம்.

இரண்டாம் தடவை வாசிக்கும்போது சிரிப்பு வந்துவிட்டது. பாட்டுக்கு நடுவே பக்கத்து அம்மாள் திரும்பிப் பார்த்தாள். சிலியில் கணவரோடு லத்தீன் கோவிலுக்குப் போய்ப் போய், தான் எந்த வீட்டுப் பெண் என்பதையே மறந்துபோய் எழுதியிருக்கிறாள். மித்ரி ஸலீபாவிடம் மேய்ப்பர் வயல் என்று சொன்னால் அவன் எங்கே போய் நிற்பான்?

வெளியே வழிகாட்டி அந்தோன் நின்றிருந்தார். ஜெருசலேம்காரர். கையில் குடை, முகத்தில் அவசரம்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"மேய்ப்பர் வயலுக்கு."

"இதுதான் மேய்ப்பர் வயல்."

"எங்க மேய்ப்பர் வயலுக்கு."

அந்தோன் பெருமூச்சு விட்டார். "பதினொன்றரைக்கு வண்டி எடுக்கணும். எரிகோவுல சாப்பாடு சொல்லியாச்சு. ஒரு ஆளுக்காக மீதி முப்பத்தேழு பேரை நான் நிறுத்தி வைக்க முடியாது, அம்மா."

"காணாமப்போன ஒரு ஆட்டுக்காகத் தொண்ணூத்தொம்பதையும் விட்டுட்டுப் போனவரைப் பத்தி நேத்து நீங்கதானே அரை மணி நேரம் பேசினீங்க?"

"அது உவமை."

"இது என் அண்ணன்," என்று சொல்லிவிட்டு நஜ்லா இறங்கிப் போய்விட்டாள். கீழ் ரோட்டு வழியாக.

மேல் ரோட்டு வழியாக மித்ரி மூச்சிரைக்க வந்து சேர்ந்தபோது அந்தோன் தலைகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

"நஜ்லா? நஜ்லா ஸலீபா?"

"நீங்க?"

"அண்ணன்."

அந்தோன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். நீலச் சட்டை, வீட்டுச் செருப்பு. "உங்களைத் தேடித்தான் உங்க வயலுக்குப் போயிருக்காங்க. இப்பத்தான், பத்து நிமிஷம் இருக்கும். நல்ல குடும்பம் சார் உங்களோடது. அந்த அம்மா பெட்டி மட்டும் மூணு. டிரைவர் தூக்கித் தூக்கி இடுப்பைப் பிடிச்சுக்கிட்டான். பத்து நாள் யாத்திரைக்கு மூணு பெட்டி யாராவது..."

கேட்க மித்ரி அங்கே இல்லை. இந்தத் தடவை கீழ் ரோட்டில் ஓடினார்.

கடைத்தெரு முனையில் ரொட்டிக் கடை அபு சிமான் கதவருகே நின்றிருந்தார். "எங்கய்யா இந்த ஓட்டம்? தங்கச்சி இப்பத்தான் இப்படிப் போச்சு. மஞ்சள் தொப்பி போட்டிருந்தாலும் எனக்குத் தெரியாதா? நடை அப்படியே உங்கப்பா நடை. கூப்பிட்டேன், காதுல விழலை."

"ஏன் விழலை?"

அபு சிமான் தெருவைக் காட்டினார். அப்போதுதான் மித்ரியின் காதிலும் அது விழுந்தது.

எங்களுடைய கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் சாரணர் பேண்டு ஊரைச் சுற்றிவிட்டுத்தான் பெத்லகேமுக்குப் போகும். பேக்பைப் இருபது, டிரம் முப்பது. தெரு முழுக்க ஜனம். பின்னால் கார்கள், கார்களுக்குப் பின்னால் அந்தோனின் பேருந்து. பதினொன்றரைக்குக் கிளம்பின வண்டி கடைத்தெரு வாயிலேயே மாட்டிக்கொண்டு ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. அந்த ஹாரனையும் டிரம்மோடு சேர்த்துக்கொண்டு பிள்ளைகள் அடித்தார்கள்.

மித்ரி எக்கிப் பார்த்தார். பேண்டுக்கு அந்தப் பக்கம், மருந்துக் கடை வாசலில், ஒரு மஞ்சள் தொப்பி.

ஆர்த்தடாக்ஸ் வயலில் ஜாதல்லாவிடம் கேட்டுவிட்டுத் திரும்பி வந்திருக்கிறாள். அவளும் பார்த்துவிட்டாள். கையைத் தூக்கினாள், பாதியில் நிறுத்தினாள். கூப்பிடலாமா கூடாதா என்று தெரியாத கை.

"நஜ்லா," என்று மித்ரி கத்தினார். முப்பது டிரம்முக்கு முன்னால் ஒரு குரல் என்ன செய்யும்?

பேண்டு வரிசைக்குள் யாரும் நுழையக் கூடாது. கல்யாணமோ, சாவோ, காத்திருந்துதான் கடக்க வேண்டும். எங்கள் ஊரில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். மித்ரி நுழைந்தார். பேக்பைப் வரிசை கலைந்தது. ஒருவன் ஊதுவதை நிறுத்த, அடுத்தவன் நிறுத்த, கடைசியில் பெரிய டிரம்முக்கு எதிரே போய் முட்டிக்கொண்டு நின்றார். டிரம்முக்குப் பின்னால் அவருடைய மகள் ரனீன். பதினேழு வயது, சீருடை, தலையில் இறகு வைத்த தொப்பி.

"அப்பா, வீட்டுச் செருப்போட வந்திருக்கீங்க," என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு.

"உன் அத்தை."

"எங்க?"

அவர் காட்டினார். ரனீன் பார்த்தாள். படத்தில் மட்டும் பார்த்த முகம். கையிலிருந்த தடி கீழே இறங்கியது. பெரிய டிரம் நின்றால் பேண்டு நிற்கும். தெருவே சத்தமில்லாமல் ஆகிவிட்டது.

அந்த அமைதியில் மித்ரி மீதி ஐந்து அடியையும் நடந்து முடித்தார்.

"ரெண்டு வயலுக்கும் போயிட்டு வந்தேன்," என்றார்.

"நானும்."

"எந்த வயல்னு எழுத மாட்டியா?"

"எந்த வயல்னு கேக்க மாட்டியா?"

"கைபேசி வீட்ல."

"ஏன், வாய் எங்க இருந்துது? பத்தொம்பது வருஷமா?"

மித்ரி தெருவையும் பார்க்கவில்லை, தன்னைப் பார்த்துக்கொண்டிருந்த ஊரையும் பார்க்கவில்லை. "தப்பாச் சொல்லிட்டேன், நஜ்லா. சொன்ன அன்னிக்கே தெரியும் தப்புன்னு. வீட்டுக்கு வா."

"இன்னொரு தடவை சொல்லு. ரொட்டிக் கடைக்காரருக்குக் கேக்கலை."

"வீட்டுக்கு வா," என்று மித்ரி உரக்கச் சொன்னார்.

"கேட்டுது, கேட்டுது," என்றார் அபு சிமான் அங்கிருந்தபடியே.

நஜ்லாவின் தலையிலிருந்த மஞ்சள் தொப்பியை மித்ரி கழற்றித் தன் பைக்குள் திணித்துக்கொண்டார். "இது வேண்டாம். நம்ம வீட்டுக்கு வர்றவளுக்கு எதுக்கு இது?"

பேண்டுத் தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். பெத்லகேமில் தலைமை ஆயர் வரும் நேரம். ரனீன் அவரைப் பார்த்தாள். "அண்ணே, எங்க வீட்டுத் தெரு வழியாவும் பெத்லகேமுக்குப் போகலாம்."

"அது சுத்து வழி."

"எங்க அத்தை இருபத்து மூணு வருஷம் சுத்து வழியில வந்திருக்காங்க."

அவர் கோலைச் சுழற்றி இடது பக்கம் காட்டினார். டிரம் மறுபடி முழங்கியது.

எங்கள் ஊரில் மணப்பெண்ணுக்குக் கூட அப்படி ஒரு ஊர்வலம் நடந்ததில்லை. முன்னால் பேக்பைப், நடுவில் அண்ணனும் தங்கையும், பின்னால் வேறு வழியில்லாமல் அந்தோனின் பேருந்து. மாடிகளிலிருந்து பெண்கள் குலவை போட்டார்கள். பேருந்து ஜன்னல்களில் முப்பத்தேழு மஞ்சள் தொப்பிகள் கைதட்டின. எதற்கென்று அவர்களுக்குத் தெரியாது, தட்டினார்கள்.

விதாத் கையில் கரண்டியோடு படியிறங்கி வந்தாள். பார்த்தாள். கரண்டியோடேயே குலவை போட்டாள்.

நஜ்லா வாசல்படிக்கு வெளியே நின்றுவிட்டாள். காலைத் தூக்கவில்லை.

மித்ரிக்குப் புரிந்தது. முதலில் தான் தாண்டி உள்ளே போய், திரும்பி நின்று, கையை நீட்டினார். "அன்னிக்குச் சொன்ன இதே வாயால சொல்றேன். இந்தப் படியில உன் கால் பட்டாத்தான் நாளைக்கு இங்க கிறிஸ்துமஸ்."

அவள் கால் வைத்தாள். டிரம்மின் ஒரு அடியால் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அது ரனீனின் அடி.

அதற்குப் பிறகு என்ன நடந்ததென்று முழுசாகச் சொல்ல முடியாது. அந்தோன் அரை மணி நேரம் என்றார். விதாத் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. நோன்பு நாள் என்பதால் கறி இல்லை. ராத்திரிக்கென்று வைத்திருந்த பருப்புச் சோறு பெரிய அண்டா, வதக்கின வெங்காயம், ஆலிவ், ஊறுகாய். அபு சிமான் இரண்டு தட்டு கீரை ரொட்டி அனுப்பினார். சிலிக்காரர்கள் முற்றத்திலும் படிக்கட்டிலும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ஒரு கிழவர் மித்ரியைக் கட்டிப்பிடித்து அழுதார். ஏன் என்று மித்ரி கேட்கவில்லை.

"எரிகோவுல சாப்பாடு வீணாப்போகுது," என்றார் அந்தோன், இரண்டாம் தட்டை நீட்டியபடி.

"ஆட்டைத் தேடிப் போனவர் அன்னிக்கு எங்க சாப்பிட்டாராம்?" என்றாள் நஜ்லா.

எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிப்பதை விதாத் மட்டும் கொஞ்சம் உற்றுப் பார்த்தாள். நஜ்லாவின் விரலில் கல்யாண மோதிரம் இல்லை. அவள் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.

ஒன்றரை மணிக்கு ஒருவழியாகப் பேருந்து உறுமியது. மஞ்சள் தொப்பிகள் ஒவ்வொன்றாக ஏறின. மித்ரி பையிலிருந்து கசங்கின தொப்பியை எடுத்து, நீவி, தங்கையிடம் கொடுக்க மனசில்லாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். யோர்தான் எவ்வளவு தூரம், நாளைக்கு ராத்திரி தானே வண்டியில் போய் அழைத்து வந்துவிட்டால் என்ன என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

கதவு மூடிக்கொண்டது. அந்தோன் ஜன்னல் வழியாக நஜ்லாவைப் பார்த்துத் தலையசைத்தார். முன்பே பேசி வைத்த தலையசைப்பு. பேருந்து தெருமுனையில் திரும்பிப் போயிற்று.

அது நின்றிருந்த இடத்தில், சுவரோரமாக, மூன்று பெரிய பெட்டிகள் வரிசையாக இருந்தன.

மித்ரி பெட்டிகளைப் பார்த்தார். தங்கையைப் பார்த்தார்.

நஜ்லா வாசல்படியிலேயே உட்கார்ந்திருந்தாள். இத்தனை நேரம் இருந்த சிரிப்பு முகத்தில் இல்லை.

"நான் யாத்திரைக்கு வரலை அண்ணா, திரும்பிப் போறதுக்கும் வரலை. உன் வீட்ல எனக்கு இடம் இருக்கா?"